பாதிக்குப் பாதி

டாக்டர் அறையிலிருந்து சௌந்தரி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். வந்தவள் நேராகச் செண்பகவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் கையை வைத்து, "சுருங்கியிருக்காம்க்கா. டாக்டரே சொல்லுதாவ. படத்தத் திருப்பிக் காமிச்சாவ. முந்தி மிளகு கணக்கா இருந்ததெல்லாம் இப்பம் கடுகு கணக்கா இருக்கு" என்றாள். "நல்லதும்மா, ரொம்ப நல்லது" என்று செண்பகவல்லியின் வாய் சொன்னது. வாய் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். முப்பது வருஷம் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்த வாய். மனசு மிளகுக்கும் போகவில்லை, கடுகுக்கும் போகவில்லை. முழங்காலில் கிடந்த அந்தக் கையிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளங்கை சிவந்திருந்தது. விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது. போன மாதமும் இப்படித்தான் இருந்ததா, இல்லை இந்த மாதம் கூடியிருக்கிறதா? செண்பகவல்லி தன் கையை முந்தானைக்குள் இழுத்து ரகசியமாகத் திருப்பிப் பார்த்தாள். சிவப்புதான். ஆனால் அவ்வளவு இல்லை. அவ்வளவு இல்லை என்பதுதான் விஷயமே. "டீ வாங்கிட்டு வாரேங்க்கா, உங்களுக்குச் சீனி கம்மியா. பையைப் பாத்துக்கிடுங்க" என்று சௌந்தரி எழுந்து போனாள். பை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறவள் கள்ளம் இல்லாதவளா, அல்லது அப்படி நினைக்கட்டும் என்றே விட்டுவிட்டுப் போகிறவளா?

இரண்டு பேருக்கும் தைராய்டில் வந்த புற்றுநோய். இரண்டு பேருக்கும் கழுத்தில் ஒரே இடத்தில் ஒரே தழும்பு. முதல் நாள் இந்தக் காத்திருப்புக் கூடத்தில் ஒருத்தியை ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டதே அந்தத் தழும்பை வைத்துத்தான். சௌந்தரி அதை மறைக்க மாட்டாள். அதன் மேலேயே மெல்லிய சங்கிலியைப் போட்டுச் சிலுவையைத் தொங்கவிட்டிருப்பாள். செண்பகவல்லி முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். அறுவை முடிந்து, கதிர்வீச்சு அயோடின் மருந்தைக் குடிக்க வைத்துத் தனி அறையில் அடைத்து, அதுவும் இரண்டு தடவை ஆகி, அதற்கும் அசையாமல் நோய் நுரையீரலில் புள்ளி புள்ளியாகப் போய் உட்கார்ந்துகொண்ட பிறகுதான் டாக்டர் அழகேசன் இந்தப் புதுமருந்து ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தார். எல்லாவற்றையும் நிதானமாகத்தான் சொன்னார். நிதானமாகச் சொல்கிறவர்களைச் செண்பகவல்லிக்குப் பிடிக்காது. விடுதியில் அவசரமாக உளறுகிற பிள்ளைகள் உண்மையைச் சொல்லும். கோர்வையாகச் சொல்கிற பிள்ளை இரவே படுத்து யோசித்துவிட்டு வந்திருக்கும். "பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கற மாவு. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். எனக்கே தெரியாது" என்றார். எதிரில் ஒரு காமிரா ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் விளங்கிச் சம்மதித்தீர்கள் என்பதற்கு அத்தாட்சியாம். செண்பகவல்லி அந்தக் காமிராவைப் பார்த்தே தலையாட்டினாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்குத் தெரியாமல் ஒரு மாத்திரை உள்ளே வந்துவிடுமா? விடுதிச் சமையல்கட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு முருங்கைக்காய் வந்ததுண்டா? தெரியும். இவருக்குத் தெரியும். தெரியாது என்று சொல்வது ஒரு மரியாதை. வாத்தியார் பேப்பர் திருத்திவிட்டு "இன்னும் பார்க்கவில்லை" என்று சொல்வதைப் போல.

கேப்சூல் மங்கலான மஞ்சள் நிறம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், பழைய குப்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மிச்சத்தை எண்ணிப் பார்த்துப் புதுக் குப்பி தருவார்கள். முதல் மாதம் முழுக்கச் செண்பகவல்லி தன் உடம்பை ஒரு வேவுகாரனைப் போலக் கவனித்தாள். மருந்தாக இருந்தால் வயிறு கலங்கும், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிறு கலங்கத்தான் செய்தது. ஆனால் அது, ஆஸ்பத்திரிக்கு வரும்போது இருவரும் தங்குகிற லாட்ஜுக்குக் கீழே இருக்கும் கடையின் தேங்காய்ச் சட்னி. அந்தச் சட்னியைத் தின்றால் கல்லுக்கும் கலங்கும். குதிகால் வெடித்து எரிந்தது. அது வீட்டுக் குழாயில் வரும் உப்புத் தண்ணீர். ஆக, ஒன்றுமில்லை. ஆக, மாவு. அரிசி மாவா, மரவள்ளி மாவா என்பது மட்டும்தான் பாக்கி. சௌந்தரிக்கோ அந்த முதல் மாதத்திலேயே கை சிவந்துவிட்டது. "எரியுதுக்கா, கத்திரி பிடிக்க முடியல" என்றாள். நாசரேத்தில் தையல் கடை வைத்திருக்கிறவள், நாள் பூராவும் கத்திரி பிடிக்கிற கை சிவக்காமல் என்ன செய்யும் என்று இன்று தோன்றலாம். அன்று தோன்றவில்லை. அன்று செண்பகவல்லிக்கு வேறொன்று தோன்றியது, அதுவும் நடுச்சாமத்தில் திருட்டுத்தனமாக அல்ல, பட்டப்பகலில், லாட்ஜ் அறையில் இருவரும் தயிர்ச்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது. ஒரு பொட்டலத்தை இரண்டாக்கித் தின்கிறோமே, மாத்திரையை ஏன் அப்படிச் செய்யக்கூடாது?

அவள்தான் கேட்டாள். அதை மட்டும் மறக்க முடியவில்லை. "சௌந்தரி, யாருக்கு எது விழுந்திருக்குன்னு யாருக்குத் தெரியும். ஒண்ணு செய்வமா. ஒன் குப்பியில பாதி எனக்கு, என் குப்பியில பாதி ஒனக்கு. ஒருத்திக்கு மாவா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் பாதி மருந்தாவது உள்ள போவும்லா." சௌந்தரி ஊறுகாயை நக்கிக்கொண்டே "அதுக்கென்னக்கா, செய்வோம்" என்றாள். ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. யோசிக்காததுதான் உறுத்தியது. கை சிவந்தவள், அசல் மருந்து தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தவள், அதில் பாதியை எடுத்து ஒரு அந்நிய மனுஷிக்கு இவ்வளவு சுளுவாகக் கொடுத்துவிடுவாளா? கொடுப்பாள், நல்லவளாக இருந்தால். அல்லது தன்னுடையதும் மாவு என்று அவளுக்குள் ஒரு பயம் இருந்தால். அல்லது கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுக் கொடுக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தால். இந்த மூன்றாவதில்தான் செண்பகவல்லியின் மனசு போய் மாட்டிக்கொண்டது, முள்வேலியில் சேலை மாட்டுவது போல. பின்னால் நகர்ந்தாலும் கிழியும், முன்னால் நகர்ந்தாலும் கிழியும். என்ன வழி? ரொம்ப எளிது. நான் அவளுக்குக் கொடுத்த பாதியையே எண்ணி எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால்? எல்லாம் ஒரே மஞ்சள். என் மாவு அவள் குப்பி வரைக்கும் ஒரு நடை போய்விட்டு, மறுபடி என் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். நான் காலையில் மாவும் ராத்திரி மாவும் சாப்பிட்டுக்கொண்டு, சாப்பிடும்போதெல்லாம் அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேறு வேண்டிக்கொண்டிருப்பேன்.

அதற்காகத்தான் புள்ளி வைத்தாள். இதைச் சொன்னால் சிரிப்பு வரும். அவளுக்கே வரும், நோய் இல்லாதிருந்தால். போன மாதம் சௌந்தரி குளிக்கப் போயிருந்தபோது, அவளுக்குக் கொடுக்க வேண்டிய கேப்சூல் ஒவ்வொன்றிலும் பால்பாயிண்ட் பேனாவால் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு நீலப் புள்ளி. சௌந்தரி குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே தன் பங்கை எண்ணிக் கொடுத்தாள். செண்பகவல்லி பஸ்ஸில் ஊருக்குப் போகும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோவில்பட்டி வந்துவிட்டது, புள்ளி வரவில்லை. ஒன்றில் கூட இல்லை. வேறு யாராவது என்றால் அதோடு சமாதானம் ஆகியிருப்பார்கள். செண்பகவல்லிக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. புள்ளி இல்லை என்றால் துடைத்திருக்கிறாள். ஈரக் கையால் எண்ணினாள் அல்லவா? குளித்துவிட்டு வந்த ஈரக் கை. கையை ஏன் அவள் துடைக்கவில்லை? முப்பது வருஷம் இதே புத்தியோடுதான் அவள் விடுதியை நடத்தினாள். வயிற்றுவலி என்று படுத்திருக்கிற பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையணைக்கு அடியிலும் கையை விடுவாள். மாமா வந்திருக்கிறார் என்றால் மாமாவிடம் அந்தப் பெண்ணின் அம்மா பெயர் கேட்பாள். பாதி மாமாக்கள் அந்தக் கேள்வியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். சந்தேகப்பட்டுக் கெட்டுப்போனது ஒன்றும் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். மீதிப் பாதி மாமாக்கள் நிஜ மாமாக்கள் என்பதையும், அவர்கள் அந்த வாசலில் முகம் சுருங்கி நின்றதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கைப்பை நடுங்கியது. போன். வீட்டுக்காரர் சிவனணைந்த பெருமாள். "என்னம்மா, கூப்பிட்டாங்களா?" "இன்னும் இல்ல." "ஸ்கேன் ரிசல்ட்டு வந்துருச்சாமா?" "உள்ள போனாத்தான தெரியும்." அவர் ஒரு மூச்சு விட்டார். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. "சௌந்தரிக்குப் பாத்தாச்சா?" என்றார். "பாத்தாச்சு. அவளுக்குச் சுருங்கியிருக்காம்." "அப்பம் ஒனக்கும் நல்லபடியாத்தான் இருக்கும், பயப்படாத. ஒரே மருந்துதான ரெண்டு பேரும் சாப்பிடுதிய." தெரிந்து சொல்கிறாரா? பங்கு போடுகிற சங்கதி அவருக்குத் தெரியாது. இல்லை, அவர் பேச்சுக்குச் சொல்கிறார். அவர் எதையும் பேச்சுக்குத்தான் சொல்வார், நாற்பது வருஷமாகப் பேச்சுக்குச் சொல்லியே குடும்பத்தை ஓட்டிவிட்டார். "மாத்திரைய நேரம் தவறாமச் சாப்பிட்டேல்லா?" "சாப்பிட்டேன், வையுங்க." குரல் கரகரத்தது. அறுவைக்குப் பிறகு குரல் இப்படி ஆகிவிட்டது. விடுதி மாடிப்படி அடியில் நின்று ஒரு பெயரைச் சொன்னால் மூன்றாவது மாடியில் விளக்கு அணையும் குரல் அது. இப்போது பக்கத்து நாற்காலிக்காரியை நகரச் சொன்னால் கூட அவள் "என்ன?" என்று காதைக் கொடுக்கிறாள்.

சுவரில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் எதையோ வதக்கினாள், ருசித்துப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு ருசி இருக்காது. காமிராவுக்காக மூடுகிறாள். பினாயில் நெடிக்குள் யாரோ கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தின் வாசனை. செண்பகவல்லிக்குப் பசித்தது, பசிப்பது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று உடனே யோசனை ஓடியது. இருமல் வந்தது. சின்ன இருமல். காலையில் இரண்டு தடவை. இது லாட்ஜ் மின்விசிறியின் தூசி. தூசிதானா? குதிகாலுக்கு உப்புத் தண்ணீர், வயிற்றுக்குச் சட்னி, இருமலுக்குத் தூசி. உடம்பு சொல்வது எதையும் அதன் வாயாலேயே சொல்ல விடுவதில்லை இவள். சௌந்தரியின் பை பக்கத்திலேயே இருந்தது. ஜிப் பாதி திறந்திருந்தது. கை தானாகப் போனது. போன கையை அவள் தடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. உள்ளே ஒரு துண்டு, தண்ணீர்ப் பாட்டில், சின்ன ஜெபப் புத்தகம், இன்றைக்கு வாங்கிய புதுக் குப்பி. குப்பியை எடுத்து ஆட்டினாள். கடகடவென்று சத்தம். தன் பழைய குப்பியும் இப்படித்தான் சத்தம் போடும். அசல் மருந்து வேறு மாதிரிச் சத்தம் போடும் என்று எதிர்பார்த்தாயா கிறுக்கச்சி, என்று தன்னையே திட்டிக்கொண்டு குப்பியைத் திரும்ப வைக்கும்போது, எதிர் வரிசையில் ஒரு கிழவர் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். திருடி என்று நினைக்கிறாரோ? நினைக்கட்டும். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கத்தில் வந்ததா, பயத்தில் வந்ததா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. சாக வேண்டாம் என்று இருந்தது. அவ்வளவுதான். இந்த வேவு, இந்தப் புள்ளி, இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் அடியில் அது ஒன்றுதான் இருந்தது. எனக்குச் சாக வேண்டாம்.

சௌந்தரி டீயோடு வந்தாள். "ஆறிப்போச்சா பாருங்கக்கா." ஆறவில்லை. சூடாகவே இருந்தது, வேகமாக நடந்து வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குகிறதே, அப்படியென்றால் சுருங்கியது உண்மைதானா? "என்னக்கா என் மூஞ்சியவே பாக்கிய?" "ஒண்ணுமில்ல." "உங்களுக்கும் சுருங்கியிருக்கும். நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்தேன், ரெண்டு பேருக்கும் சேத்து." செண்பகவல்லி டீயைக் குடித்தாள். குடிக்கக் குடிக்க டாக்டர் காமிராவின் முன்னால் சொன்ன இன்னொரு வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. அன்று சொன்ன அத்தனையிலும் அவள் முழுசாக மனப்பாடம் செய்துவைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். நோய் கூடிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தால், அந்த ஆளுடைய மாத்திரைப் பெட்டியில் இருந்தது என்ன என்று திறந்து பார்த்துவிடுவார்கள். மாவாக இருந்தால் அன்றைக்கே அசல் மருந்து கொடுத்துவிடுவார்கள். ஆகையால், கூடியிருந்தாலும் கெட்டுப்போகவில்லை, மாவாக மட்டும் இருக்க வேண்டும். இத்தனை மாதம் மாவு கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று வயிறெரிந்தவள், இப்போது டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செண்பகவல்லி அம்மனே, உன் பெயரைத்தானே எனக்கு வைத்தார்கள், என்னுடையது மாவாக இருக்கட்டும், சுத்தமான மாவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொள்ளும்போதே, அம்மன் இதைக் காது கொடுத்துக் கேட்டிருப்பாளா என்றும் ஒரு சந்தேகம்.

"செண்பகவல்லி அம்மா" என்று ஆராய்ச்சிப் பிரிவுப் பெண் வினோதா கூப்பிட்டாள். வழக்கமாக 'வாங்கம்மா, சாப்பிட்டீங்களா' என்பவள் இன்று சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தெரிந்துவிட்டது. கதவைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிட்டது. உள்ளே டாக்டர் அழகேசன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். "உக்காருங்கம்மா. புள்ளிகள் கொஞ்சம் பெருசாயிருக்கு. புதுசா ரெண்டு வந்திருக்கு." அவர் இன்றும் நிதானமாகத்தான் சொன்னார். செண்பகவல்லி தலையாட்டினாள். இது பாதிதான், மிச்சப் பாதியைச் சொல்லு, மிச்சப் பாதியைச் சொல்லு. "விதிப்படி உங்க பெட்டியில என்ன இருந்ததுன்னு இன்னைக்குக் காலையில கேட்டு வாங்கினோம்." மாவு. சொல்லு, மாவு. "ஒரிஜினல் மருந்துதாம்மா உங்களுக்கு வந்திருக்கு. மாவு இல்ல. மருந்து சாப்பிட்டும் வளந்திருக்குன்னா இது உங்களுக்குக் கேக்கலைன்னு அர்த்தம். இதுக்கு மேல கொடுத்துப் பக்க விளைவுல உங்களக் கஷ்டப்படுத்தக் கூடாது. நிறுத்திடலாம்." "நிறுத்திட்டு?" "மூச்சுத் திணறல், வலி எதுவும் இல்லாமப் பாத்துக்கலாம். அதுக்குத் தனியா ஒரு டாக்டர் இருக்காங்க." மின்விசிறி சுற்றியது. மேஜையில் ஒரு பேப்பர் ஓரமாகப் படபடத்தது, வினோதா அதன்மேல் ஸ்டேப்ளரை எடுத்து வைத்தாள்.

பொய் சொல்கிறார். இல்லை, பொய் சொல்லி இவருக்கு என்ன ஆகப்போகிறது? அசல். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சீட்டுக் குலுக்கலில் அசல் தன் பக்கம் விழுந்திருக்கிறது, அதை ஆறு மாதமாகப் பாதியாக்கி அள்ளிக் கொடுத்திருக்கிறாள். குதிகால் வெடித்தது உப்புத் தண்ணீர் இல்லை. வயிறு கலங்கியது சட்னி இல்லை. அந்தக் கடைக்காரனை எத்தனை பேரிடம் திட்டியிருப்பாள். யாரும் மாவு கொடுத்து ஏமாற்றவில்லை. மாவை அவளே போய்க் கேட்டு, வற்புறுத்தி, பங்கு பேசி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். நிஜமாகவே மாவா? சௌந்தரியினுடையதும் அசலாக இருந்தால்? அப்படியென்றால் முழு மருந்தும் உள்ளே போயிருக்கிறது, முழு மருந்துக்கும் கேட்கவில்லை, டாக்டர் சொல்வது சரி, கதை முடிந்தது. சௌந்தரியினுடையது மாவாக இருந்தால், எனக்குப் பாதி மருந்துதான் போயிருக்கிறது. முழுசாகக் கொடுத்துப் பார்த்தால் கேட்கலாம். கேட்காமலும் போகலாம். ஆனால் பார்க்காமலே நிறுத்துகிறார்களே! அதோடு, அவளுக்குச் சுருங்கியது என் குப்பியால்தான். இன்றோடு என் குப்பி நின்றுவிட்டால், அவள் காலையில் மாவும் ராத்திரி மாவுமாகச் சாப்பிட்டுக்கொண்டு, ஜெபம் பண்ணிக்கொண்டு, மறுபடி கடுகை மிளகாக்கிக்கொள்வாள். யாருக்கும் ஏன் என்று தெரியாது. சொன்னால்? இரண்டு பேரையும் ஆராய்ச்சியை விட்டு வெளியே தள்ளிவிடலாம். நன்றாக இருக்கிறவளையும் இழுத்துப் போட்ட பாவம். சொல்லாமல் இருந்தால் நான் போவேன், எனக்குப் பின்னால் அவளும் வருவாள். தனியாகச் சொன்னால் அவளைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். வார்டன் புத்தி போகுமா என்பார்கள். "மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிட்டீங்கள்ல?" என்று டாக்டர் கேட்டார். கேட்டதற்குக் காரணம் எதுவும் இல்லை, எழுதி முடிக்க ஒரு கேள்வி. அவர் பேனா ஏற்கனவே 'ஆம்' என்ற பக்கம் போய்விட்டது.

"இல்ல டாக்டர்" என்றாள் செண்பகவல்லி. பேனா நின்றது. "ஒழுங்காச் சாப்பிடல. எப்படின்னு சொல்லுதேன். ஆனா தனியாச் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் இருங்க." அவள் எழுந்தபோது வினோதா பிடிக்க வந்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள். சௌந்தரி பைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்தாள். "என்னக்கா சொன்னாவ? சுருங்கியிருக்கா?" "இல்ல. பெருசாயிருக்கு." சௌந்தரியின் கை வாய்க்குப் போனது. கண் நிறைந்துவிட்டது, உடனே, பாவனைக்கு நேரமே இல்லாமல். செண்பகவல்லி அதைப் பார்த்தாள். இத்தனை நாள் வேவு பார்த்ததில் கிடைக்காதது இந்த ஒரு நொடியில் கிடைத்தது, கிடைத்து இனி ஒரு பிரயோசனமும் இல்லை. "பெட்டியத் திறந்து பாத்திருக்காவ. என் குப்பியில இருந்ததுதான் மருந்து. எனக்கு நிறுத்துதாவளாம். நீ உள்ள வா. நாம பங்கு போட்டதச் சொல்லணும். உன் பெட்டியையும் திறக்கச் சொல்லணும்."

சௌந்தரி வரவில்லை. வாயிலிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. கண்ணில் நின்ற நீர் நின்றபடியே இருக்க, அதற்குப் பின்னால் வேறொன்று வந்து எட்டிப் பார்த்தது. "எதுக்குக்கா? எனக்குத்தான் சுருங்கியிருக்குல்லா. சொன்னா என்னையும் வெளிய அனுப்பிருவாவளே." "அனுப்பலாம்." "உங்க குப்பியிலதான் மருந்துன்னு அவிய சொன்னாவளா, இல்ல..." அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. இல்லை, உங்களுக்குப் பெரிதாகிவிட்டது என்று என்னையும் சேர்த்து இழுக்கிறீர்களா? அந்த முகத்தைச் செண்பகவல்லிக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம் அது; ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்த முகம். அதை வெளியிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். அது நெஞ்சில் எப்படி இறங்கும் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. சத்தியம் செய்யலாம். எதன்மேல் செய்தாலும் இந்த முகம் நம்பாது. தான் நம்பியிருக்க மாட்டாள். ஒருத்தியிடமிருந்து உண்மையைக் கறக்க நூறு வழி தெரிந்தவளுக்கு, ஒருத்தியை நம்ப வைக்க ஒரு வழியும் தெரியவில்லை. கதவு கனமாக இருந்தது. தோளால் முட்டுக் கொடுத்து அதைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டாள்.

"நம்ப வேண்டாம் சௌந்தரி" என்றாள் அந்த உடைந்த குரலில். "நம்பாமலே வா."

சௌந்தரி செண்பகவல்லியின் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, தன் பையை மட்டும் எடுத்து, செண்பகவல்லியின் கைக்கு எட்டாத பக்கமாக இடுக்கிக்கொண்டு, அவளைத் தாண்டி உள்ளே போனாள்.